பொறந்தநாள், கல்யாணநாள், பென்ஷன் காசு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ரிட்டயர் ஆனப்புறம் புள்ளைங்க பேரப்புள்ளைங்களுக்கு எவ்ளோ செய்யறது, எப்படி செய்யறதுன்னு. நான் புதுச்சேரியில போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல 30 வருஷத்துக்கு மேல உக்காந்தவ. பேத்தி பொறந்தநாளுக்காக டெபாசிட்டை உடைக்க வந்து நின்ன தாத்தாக்கள் எத்தனையோ பேரை பாத்திருக்கேன், அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வெச்சிட்டு இதையே எடுத்துக்கறேன்.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு கடலூர் மஞ்சக்குப்பம். 2023 ஜூன்ல அரசு ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனேன். பென்ஷன் கைக்கு 28,400 வருது, வந்த பணத்துல 10 லட்சம் போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டிருக்கேன். மூணு புள்ளைங்க, மூணு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, பேரப்புள்ளைங்க அஞ்சு பேர். சர்வீஸ்ல இருக்கும்போது எல்லா பொறந்தநாளுக்கும் கல்யாணநாளுக்கும் தாராளமா செஞ்சே பழகிட்டேன். போன வருஷம் இதுக்கு மட்டும் 61,000 போயிருக்கு, அதுல சின்ன பேரன் முதல் பொறந்தநாளுக்கு போட்ட அரை பவுன் செயின்தான் பெரிய செலவு, அதுக்காக வீட்டுக்காரம்மா வளையலை அடகு வெச்சேன், புள்ளைங்களுக்கு இது தெரியாது. அன்னிக்கு சம்பந்தி வீட்ல ஒரு பவுன் போட்டாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரம்மா சாப்பிடாமலே படுத்துட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல, செய்யாம இருக்கவும் மனசு வரல. எவ்ளோதான் செய்யலாம்னு ஒரு கணக்கு சொல்லுங்கம்மா. (பெயர் வேண்டாம்)

பதில்: ஐயா, எல்லாத்துக்கும் முன்னாடி அந்த வளையலை மீட்டுடுங்க. உங்க 10 லட்சத்துக்கு 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 20,500 வரும், ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, ஜனவரி 1ன்னு தேதி தவறாம. அடுத்து வர்ற ஒரு தவணையை முழுசா வளையலுக்கு கட்டுங்க, மிச்சம் இருந்தா அதுக்கடுத்த தவணையில முடிச்சிடுங்க. அது வரைக்கும் யாருக்கும் புது பரிசு கிடையாது, வெத்தலை பாக்கோட 101 ரூபா வெச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க, போதும். அடகு வட்டி ஓடிக்கிட்டிருக்கும்போது ஒருத்தருக்கு வாங்கித் தர்ற சட்டை, உங்க வீட்டுக்காரம்மா கையிலேருந்து எடுத்துக் குடுக்கற சட்டை.

இப்ப கணக்குக்கு வருவோம். நாம எல்லாரும் பண்ற தப்பு, ஒவ்வொரு விசேஷமா பாத்து முடிவு பண்றது. பெரிய பொண்ணு கல்யாணநாள் வருது, ஒரு புடவை 1,800, பரவாயில்ல. அடுத்த வாரம் பேரனுக்கு சைக்கிள், சரி ஆசைப்பட்டுட்டான். ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சின்னதுதான், வருஷக் கடைசியில கூட்டினாதான் நெஞ்சை பிடிச்சிக்கும். அதனால முதல்ல வருஷத்துக்கு இவ்ளோன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் பிரிச்சிக்கலாம்.

உங்களுக்கு எத்தனை தேதின்னு எண்ணிப் பாத்தீங்களா? நான் உங்க கடிதத்தை வெச்சு எண்ணினேன். புள்ளைங்க மூணு, மருமகன் மருமகள் மூணு, ஆக ஆறு பொறந்தநாள். கல்யாணநாள் மூணு. பேரப்புள்ளைங்க பொறந்தநாள் அஞ்சு. மொத்தம் 14. பென்ஷன் வருஷத்துக்கு 3,40,800, வட்டி 82,000, ரெண்டும் சேத்தா 4,22,800. இதுல நூத்துக்கு அஞ்சு, அதாவது 21,000 வரைக்கும் பரிசு கிரிசுன்னு போகலாம், அதுக்கு மேல வேண்டாம்னு நான் சொல்வேன். இது எந்த சட்டமும் இல்ல, நான் பாத்து பாத்து எனக்கு சரின்னு பட்ட அளவு. மருந்துச் செலவு அதிகமா இருக்கற வீட்ல மூணே போதும்.

21,000த்தை இப்படி வெச்சுக்கோங்க. பேரப்புள்ளைங்க அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஆயிரம், 5,000. பெரியவங்க ஆறு பேர் பொறந்தநாளுக்கு 500 வீதம் 3,000. கல்யாணநாள் மூணுக்கும் ஜோடிக்கு ஆயிரம் வீதம் 3,000. இது 11,000 ஆச்சு. தங்கச்சி வீட்டு காதுகுத்து, பக்கத்து வீட்டு கிரகப்பிரவேசம்னு வெளி மொய்க்கு 4,000. மீதி 6,000 பெரிய விசேஷத்துக்கு. முதல் பொறந்தநாள், மஞ்சள் நீராட்டு, 25வது கல்யாணநாள் இந்த மாதிரி எல்லா வருஷமும் வராது, வராத வருஷம் அந்த 6,000 அப்படியே கிடக்கட்டும், மூணு வருஷம் சேந்தா 18,000, அப்ப ஒரு நல்ல காரியமா பண்ணிடலாம், வளையலைத் தொட வேண்டியதில்ல.

பென்ஷன் காசுல கையே வெக்க வேண்டாம், அது வீட்டுக்கு. வட்டி வர்ற நாலு தடவையும் 20,500லேருந்து 5,250 எடுத்து தனி சேமிப்பு கணக்குல போட்டுடுங்க, நாலு தடவைக்கு சரியா 21,000. தனி கணக்குன்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, எல்லாம் ஒரே பாஸ்புக்குல கிடந்தா இருக்கற பணமெல்லாம் செலவு பண்ணலாம்னு தோணும், அது மனுஷ சுபாவம்.

புயல் மழைக்குன்னு வெச்ச பணத்தையும் இதுக்கு தொடாதீங்க. நம்ம கடலூர் பாண்டி பக்கம் ஐப்பசி கார்த்திகை வந்தா என்ன செலவு எங்கேருந்து வரும்னு சொல்ல முடியுமா? 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஓடு பறந்த வீடு எத்தனை, 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்தப்ப தண்ணி புகுந்து மோட்டாரும் ஃபிரிட்ஜும் போன வீடு எத்தனை. பேரனுக்கு ரிமோட் கார் வாங்கிட்டோம், மோட்டார் காயில் கட்ட காசில்லன்னு நிக்கக் கூடாது. அதே மாதிரி 10 லட்சத்து கணக்கை பாதியில மூடலாமான்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அதுல கொஞ்சமா எடுக்க வழி கிடையாது, முழுசா மூடணும், ரெண்டு வருஷம் தாண்டின கணக்குக்கு அசல்ல 1 சதவீதம் பிடிப்பாங்க, உங்களுக்கு அது 10,000 ரூபா.

தங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2020ல பவுன் 40 ஆயிரம் தாண்டினப்பவே அம்மாடின்னு இருந்துச்சு, இப்ப அதுக்கு ரெண்டு மடங்கு மேல. சின்ன குழந்தை செயின்ல எடை கம்மி, சேதாரம் செய்கூலி அதிகம், அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி, நாளைக்கு மாத்தப் போனா சேதாரமும் கூலியும் திரும்ப வராது. குழந்தை கழுத்துல அது கிடக்கறதும் பயம்தான். போட்டே ஆகணும்னா ஒரு கிராம் காசு, ஹால்மார்க் பாத்து வாங்கிக் குடுங்க, அதுவும் அந்த 6,000 சேந்து சேந்து வர்றப்ப மட்டும்.

இனிமேதான் உங்க கேள்வியோட நடு விஷயம். இல்லன்னு சொல்ல வாய் வரலன்னு எழுதியிருக்கீங்க. நீங்க இல்லன்னு சொல்லவே வேணாம், இவ்ளோன்னு சொல்லுங்க. மூணு புள்ளைங்ககிட்டயும் தனித்தனியா போன்ல சொல்லாதீங்க, ஒருத்தர்கிட்ட சொன்னது இன்னொருத்தர் காதுக்கு வேற மாதிரி போகும். காணும் பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்க இல்லையா, சில்வர் பீச்சுக்கு கட்டுச்சோறு கட்டிக்கிட்டு போவீங்க, அங்க மணல்ல உக்காந்து சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க. "அப்பா இனிமே பேரப்புள்ளைங்களுக்கு பொறந்தநாளுக்கு ஆளுக்கு ஆயிரம், உங்களுக்கு ஐநூறு, கல்யாணநாளுக்கு ஜோடிக்கு ஆயிரம்னு வெச்சிருக்கேன், எல்லாருக்கும் ஒரே அளவு, கூடவும் இல்ல குறையவும் இல்ல"ன்னு. அவ்ளோதான். காரணம் நீட்டி முழக்க வேண்டாம், மன்னிப்பு கேக்கற மாதிரியும் வேண்டாம். வளையல் விஷயத்தையும் அன்னிக்கே சொல்லிடுங்க, சொல்லணும்னுதான் நான் நினைக்கறேன். எங்கப்பா அம்மா கஷ்டப்பட்டு வாங்கினாங்கன்னு தெரியாமலே அந்த செயினை பீரோவுல வெச்சிருக்கற புள்ளைக்கு நீங்க நல்லது பண்ணல. திட்டுவாங்க, அழுவாங்க, அப்புறம் உங்ககிட்ட எதையும் கேக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.

சம்பந்தி ஒரு பவுன் போட்டா போடட்டும், அவங்க வசதி அவங்களுக்கு. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆசைப்படறேன், எங்க அப்பா கதை அது. அப்பா முத்தியால்பேட்டையில இருந்தாரு, மில் வேலைக்குப் போயி ரிட்டயர் ஆனவரு, பென்ஷன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பேரப்புள்ளைங்க ஏழு பேர். 40 பக்க நோட்டு ஒண்ணுல பேருக்கு ஒரு பக்கம் போட்டு, தேதி, குடுத்தது, எவ்ளோன்னு எழுதி வெப்பாரு. யாருக்கு பொறந்தநாள் வந்தாலும் அதையொட்டி வர்ற ஞாயித்துக்கிழமை அந்த குழந்தையை மட்டும் கூட்டிக்கிட்டு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு போவாரு, கையில 50 ரூபா குடுத்து உனக்கு என்ன வேணுமோ நீயே வாங்குன்னு விட்டுடுவாரு. என் பையன் அஞ்சாவது படிக்கும்போது ஒன்றரை மணி நேரம் வெயில்ல சுத்தி, கடைசியா பழைய இரும்பு சாமான் விரிச்சு வெச்சிருந்த ஒருத்தர்கிட்ட சின்ன பித்தளை பூட்டு ஒண்ணு வாங்கினான், ரெண்டு சாவியோட, 35 ரூபா. பூட்டறதுக்கு அவன்கிட்ட பெட்டி கூட இல்ல. வீட்டுக்கு வந்ததும் ஒரு சாவியை தாத்தாகிட்ட குடுத்து, தொலைஞ்சா உங்ககிட்ட கேப்பேன்னு சொன்னான். அப்பா அதை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டாரு. அவரு தவறினப்ப குளிப்பாட்டும்போது அந்த சாவி அங்கயே இருந்துச்சு. நோட்டுல அவன் பக்கத்துல "பூட்டு 35, மீதி 15 சர்பத்"ன்னு எழுதியிருக்காரு, நோட்டு என்கிட்டதான் இருக்கு.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்க ஐயா. 14 தேதியையும் முதல் பக்கத்துல வரிசையா எழுதிடுங்க, வருஷ ஆரம்பத்துல புது காலண்டர் வந்தா அதுலயும் வட்டம் போட்டுடுங்க, ஒரே மாசத்துல நாலு தேதி வந்து விழற மாசம் எதுன்னு அப்பதான் தெரியும்.

கேள்வி: நான் லாஸ்பேட்டை, குடும்ப பென்ஷன் வாங்கறேன். பேத்திக்கு 4 வயசு, பேரனுக்கு 8 வயசு. வருஷா வருஷம் கவுன், பொம்மைன்னு வாங்கி எல்லாம் மூணு மாசத்துல குப்பைக்கு போவுது. அதுக்கு பதிலா அவங்க பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போட்டா என்ன? செல்வமகள் கணக்கு நானே ஆரம்பிக்கலாமா?

பதில்: நீங்களே ஆரம்பிக்க முடியாதும்மா, அப்பாவோ அம்மாவோதான் ஆரம்பிக்கணும், சட்டப்படி நீங்க கார்டியனா இருந்தா மட்டும்தான் பாட்டி பேர்ல நடத்தலாம். முன்னாடி பாட்டி தாத்தா ஆரம்பிச்சு வெச்ச கணக்கையெல்லாம் இப்ப அப்பா அம்மா பேருக்கு மாத்தச் சொல்றாங்க. ஆனா கணக்கு இருந்துட்டா நீங்க அதுல பணம் கட்டலாம். மருமகள்கிட்ட சொல்லுங்க, 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கணும், வருஷத்துக்கு குறைஞ்சது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டணும், ஆரம்பிச்சதிலேருந்து 21 வருஷத்துல முடியும், பொண்ணுக்கு 18 வயசு ஆனாலோ பத்தாவது முடிச்சாலோ படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம். இப்ப வட்டி 8.2. உங்க பேத்தி பொறந்தநாளைக்கு வருஷம் 1,000 கட்டினாலே போதும், மீதியை அவங்க கட்டிக்கட்டும்.

பேரனுக்கு ஆர்.டி. போடுங்க, மாசம் 100 ரூபாயிலேருந்து இருக்கு, 5 வருஷம். இப்ப இருக்கற 6.7 சதவீதத்துக்கு மாசம் 100 கட்டினா 6,000 கட்டி 7,100க்கு மேல வரும். அவனுக்கு 13 வயசுல கைக்கு வரும், எட்டாவது ஒன்பதாவது படிக்கற பையனுக்கு சைக்கிள் வாங்க அது உதவும்.

ஆனா ஒண்ணு, 4 வயசு குழந்தைக்கு பாஸ்புக் என்னன்னு தெரியாது. பாட்டி எனக்கு ஒண்ணும் தரலன்னுதான் நினைக்கும். அதனால கையில குடுக்க ஏதாவது ஒண்ணு வேணும், வில்லியனூர் சுடுமண் பொம்மையோ, சின்ன சொப்பு சாமானோ, 100 ரூபாய்க்குள்ள போதும். கவுனை மட்டும் விட்டுடுங்க, அது எப்படியும் நாலு பேர் வாங்கிட்டு வருவாங்க.

இன்னொண்ணு, இந்த காசுக்காக தெருவுல யாராவது நடத்தற தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டுல சேராதீங்கம்மா. மாசம் 500தானேன்னு சேருவீங்க, 11வது மாசம் வீட்டைப் பூட்டிக்கிட்டு போனவங்களால ஏமாந்து கவுண்டர்ல வந்து அழுதவங்க எனக்குத் தெரியும், அவங்க பாதிப் பேர் உங்களை மாதிரி குடும்ப பென்ஷன் வாங்கறவங்கதான்.

கேள்வி: நெல்லிக்குப்பத்துலேருந்து எழுதறேன், ரிட்டயர்டு டீச்சர். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். பொறந்த வீட்டு சீருன்னு நான், தம்பிங்க ரெண்டு பேர் இருக்கோம். தனித்தனியா பட்டுப்புடவை, வேட்டின்னா ரொம்ப ஆகுது. எப்படி பண்றது?

பதில்: மூணு பேரும் சேந்து ஒரே தட்டா வையுங்க. பொறந்த வீட்டு சீருன்னா ஒரு வீட்டு சீருதான், மூணு வீட்டு சீரு இல்ல. அக்காவுக்கு ஒரு புடவை, மாமாவுக்கு ஒரு வேட்டி அங்கவஸ்திரம், பூ, பழம், மஞ்சள் குங்குமம். கோ-ஆப்டெக்ஸ்ல பண்டிகை தள்ளுபடி ஓடற சமயமா பாத்து முன்னாடியே எடுத்து வெச்சிடுங்க. புடவை எடுக்க அக்காவையே கூட்டிக்கிட்டு போங்க, அறுபது வயசுல கனமான பட்டு கட்டி ஹோமத்துக்கு முன்னாடி மணிக்கணக்கா உக்கார முடியாதுன்னு அவங்களே லேசா ஒண்ணு எடுப்பாங்க. மொய் எவ்ளோங்கறதுக்கு உங்க வீட்டு விசேஷத்து மொய் நோட்டை பாருங்க, அக்கா உங்களுக்கு எழுதினதை விட கொஞ்சம் கூட வெச்சா சரி. கடலூர்லேருந்து வேன் எடுத்தா அந்த வாடகையில உங்க பங்கையும் இப்பவே பேசிடுங்க, சீரை விட அதுலதான் கடைசி நேரத்துல மனஸ்தாபம் வருது.

கேள்வி: நான் புதுச்சேரி முதலியார்பேட்டை, வயசு 36, ஐ.டி. வேலை. அப்பாவுக்கு பென்ஷன் 11,000தான். என் பொறந்தநாள், எங்க கல்யாணநாள், பொண்ணு பொறந்தநாள் எதுவா இருந்தாலும் ஆயிரம் ரெண்டாயிரம்னு கவர்ல வெச்சுத் தர்றாரு. வேணாம்னா கோச்சிக்கறாரு, ரெண்டு நாள் பேசறதில்ல. நான் அதை விட அதிகமா அவருக்கு திருப்பி அனுப்பினா அதுக்கும் கோவம். என்ன பண்றது?

பதில்: தம்பி, வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்கு குடுக்க முடியற வரைக்கும்தான் அவரு தன்னை வீட்டுக்குப் பெரியவரா நினைப்பாரு. 11,000 ரூபாயில 2,000 எடுத்து வெக்கறதுக்கு அவரு எத்தனை நாள் டீக்கடைக்குப் போகாம இருந்தாரோ, அதை வேணாம்னு தள்ளினா கோவம் வராம என்ன பண்ணும்? வாங்கிக்கோங்க, வாங்கி கண்ணுல ஒத்திக்கோங்க. திருப்பி அனுப்பறதையும் விடுங்க, குடுத்த கையிலேயே காசை திணிக்கற மாதிரி அது. அதுக்கு பதிலா அவருக்கு வர்ற செலவுல ஒண்ணை சத்தமில்லாம நீங்க எடுத்துக்கோங்க, கரண்ட் பில்லு, மாச மருந்து, கேஸ் சிலிண்டர், உங்க போன்லேருந்தே கட்டிடலாம். மாசம் 1,500 அப்படி மிச்சமானா அவரு கவர்ல 2,000 வெச்சாலும் அவருக்கு குறையாது.

அப்புறம், அடுத்த தடவை பொறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே நீங்களா ஒண்ணு கேளுங்க. பெருசா ஒண்ணும் இல்ல, அப்பா காலையில கொண்டு வந்து தர்ற நேரு வீதி சம்சா, அம்மா கையால சுட்ட அதிரசம், நீங்க சின்ன வயசுல எது கேட்டு அடம் பிடிச்சீங்களோ அது. எங்க வீட்ல என் மருமகன் இந்த மாதிரிதான் கேப்பாரு, அத்தை எனக்கு பணம் வேணாம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் போடுங்கன்னு. நாலு நாள் முன்னாடியே பெரிய மார்க்கெட்டுக்கு போயி, தோல் மெல்லிசா இருக்கற பழமா பொறுக்கி, நறுக்கி உப்பு போட்டு ஜாடியில குலுக்கி வெச்சு, வெயில்ல வெச்சு எடுத்து, அந்த வேலை பண்ற நாலு நாளும் எனக்கு கால் வலி ஞாபகமே இருக்காது. எல்லாம் சேத்து 150 ரூபாதான் ஆகும். உங்க அப்பா அம்மாகிட்டயும் அப்படி ஒண்ணு கேட்டுப் பாருங்க தம்பி, கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.